பலகையின் ஏழாவது வரி

எங்கள் ஊர்ச் சங்கத்தின் பதினான்காவது விதி இது: "போர்க்காலத்தில் மாண்ட ஊர்க்காரர் ஒருவரின் பெயரைப் பலகையில் ஏற்றுவதற்கு முன், அவர் இறந்ததை நேரில் கண்ட ஒருவரும், அவருடைய இரத்த உறவினர் ஒருவரும் செயலாளர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்." நல்ல விதி. அர்த்தம் புரியாமல் போக வழியே இல்லை. பலகையில் பதினோரு பெயர்கள் எழுதப்பட்டபோது ஒரு பெயருக்குக்கூட யாரும் அதைப் பின்பற்றவில்லை.

விதியை எழுதியவர் தலைவர். பெயர்களைத் திரட்டிப் பலகை எழுத வைத்தவரும் அவரே. ஒரே ஆள் சட்டமும் போட்டுக் காரியமும் பார்த்தால் இரண்டில் ஒன்று சும்மா இருக்கும் என்பதை அரசாங்க உத்தியோகத்தில் பிற்பாடு பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி, ஊர்ப்பக்கம் குமாஸ்தா என்பார்கள். இரண்டு மொழியிலும் கையெழுத்து நன்றாக இருக்கும், கடிதத்தின் எந்த மூலையில் எதை எழுத வேண்டும் என்பது தெரியும் என்ற காரணங்களுக்காகவே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் சிங்கப்பூரில் பிறந்தவன். சங்கம் எந்த ஊரின் பெயரால் நடந்ததோ அந்த ஊரை நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில், கடலுக்குப் பக்கத்தில், வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் அளவில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

சங்கம் சிராங்கூன் ரோட்டின் சந்து ஒன்றில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. கூட்டத்துக்கு வருபவர்கள் தும்மிக்கொண்டே படியேறுவார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஐயனார் படம். அதன் கீழே கறுப்புப் பலகையில் மஞ்சள் வண்ணத்தில் பதினோரு பெயர்கள். துறைமுகத்தில் குண்டு விழுந்து செத்தவர்கள் சிலர். மற்றவர்கள் ஜப்பான்காரன் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு லாரியில் ஏற்றப்பட்டுத் திரும்பாதவர்கள். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று கத்தோங் கடற்கரையில் அவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்போம். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அந்த நாள்தான் பொது. ஐயர் பெயர்களை வாசிப்பார். அவர் வாசிக்கும் வேகத்தில் என் பெயரையே இடையில் சேர்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

1960 தை மாதம், இந்தப் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி ஊருக்கு அனுப்பி ஐயனார் கோவில் வாசலில் நட்டுவைப்பது என்று கமிட்டி தீர்மானித்தது. செய்தி தேக்கா சந்தை வரை பரவிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் அம்மாள் படியேறி வந்தார். கூட அவருடைய மகள்.

அந்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். சந்தையில் அம்மியில் மசாலா அரைத்து, மீனுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று உருண்டை பிடித்து விற்பவர். ஆடி அமாவாசைதோறும் கடற்கரைக்கு வந்து பெண்கள் பக்கம் நிற்பவர். மகளுக்கு அப்போது பதினேழு வயது இருக்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் நேராகப் பலகையிடம் போய், ஏழாவது வரியில் விரலை வைத்தார். விரலில் ஒட்டியிருந்த மசாலா மஞ்சள் வரியின் மேல் படிந்தது. நான் கைக்குட்டையால் துடைத்தேன்.

"தம்பி, இது அவரு இல்ல. அவரு பேரு வேற" என்றார்.

சரியான பெயர் என்ன என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய வழக்கம். அந்தத் தலைமுறையில் என் அம்மா உட்பட யாரும் சொன்னதில்லை. மகள்தான் சொன்னாள். எனக்கு அவள் சொன்ன பெயரைவிட அவள் சொன்ன விதம் சந்தேகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் தயாராக வந்து சொன்னாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவள் பிறந்த சில வாரங்களில் தகப்பனை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"அம்மா சொல்லித்தான்."

"அம்மாதான் பெயர் சொல்ல மாட்டாங்களே."

"சாமி பேரைச் சுத்தி வளைச்சுச் சொல்வாங்க, நான் கண்டுபிடிச்சேன். இதெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே லா. உங்க வீட்டுல இல்லையா அண்ணே?"

என் வீட்டைப் பற்றி விசாரிக்க அவளுக்கு விதி எதுவும் இடம் தரவில்லை என்பதால் அடுத்த கேள்விக்குப் போனேன். அவர்கள் சொன்ன கதை இதுதான். அம்மாள் அவரைத் தோட்டத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். தோட்டத்து அட்டையில் இருந்தது ஒரு பெயர், அவருடைய சொந்தப் பெயர் இன்னொன்று. போர் முடிந்ததும் சங்கத்திலிருந்து ஆள் வந்து இறந்தவர் பெயரைக் கேட்டபோது, அம்மாள் வழக்கப்படி சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார். வந்தவருக்குப் பொறுமை இல்லை. அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். சொந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்று அம்மாளும் விட்டுவிட்டார். மகள் தமிழ் படித்து, போன ஆடியில் பலகையை வாசித்துக் காட்டியபோதுதான் இத்தனை வருடமும் தண்ணீர் வேறு யாருக்கோ போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது.

"கல்லுல வெட்டி ஊருக்குப் போயிட்டா அப்புறம் மாத்த முடியாது தம்பி. அங்க அவரு ஓடிப்போனவராவே இருப்பாரு" என்றார் அம்மாள்.

பெயர் மாற்றம் கேட்டு வருபவர் எவரும் வெறும் பெயருக்காக வருவதில்லை என்பது என் அலுவலக அனுபவம். பெயருக்குப் பின்னால் ஒரு வீடோ, வேலையோ, இன்னொரு மனைவியோ இருக்கும். எனவே அந்த அம்மாளைச் சோதித்தேன். ஊரைப் பற்றிக் கேள்விகள் கேட்டேன்: ஐயனார் எந்தத் திசை பார்த்து இருக்கிறார், குளம் எங்கே, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் என்ன இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். குளத்தில் மூன்றாம் படி உடைந்திருக்கும், குடத்தோடு இறங்கும்போது பார்த்து இறங்க வேண்டும் என்று நான் கேட்காததையும் சொன்னார். புருஷன் சொல்லிக் கேட்டது என்றார். பதில்கள் சரியா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, நான்தான் ஊரைப் பார்த்ததே இல்லையே. கமிட்டியில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். எல்லாம் சரி, அந்தப் படி அவர் சிறுவயதிலேயே உடைந்தது என்றார். என் சந்தேகம் கூடியது. பார்க்காத ஊரை இவ்வளவு சுத்தமாகச் சொல்பவரை எப்படி நம்புவது?

முறைப்படி ஊருக்கு எழுதினேன். ஏழாவது வரியில் இருந்த பெயருடைய குடும்பத்துக்கு, இன்னார் உங்கள் வீட்டுப் பிள்ளையா, அவர் மலாயாவுக்குப் புறப்பட்டது எப்போது, அவருக்கு இங்கே மனைவி உண்டா என்று மூன்று கேள்விகள். எங்கள் ஊரில் ஒரே சாமி பெயரைத் தெருவுக்கு நாலு பேர் சுமக்கிறார்கள், ஆகவே தகப்பன் பெயரையும் தெருவையும் தெளிவாகக் குறிப்பிட்டேன். அரசாங்கக் கடிதங்களுக்கு ஆறு மாதம் காத்திருந்து பழகியவன் நான். இதற்கு மூன்றே வாரத்தில் பதில் வந்தது. செத்துப்போனதாக எழுதப்பட்டவர்கள் பதில் எழுதுவதில் மிகவும் சுறுசுறுப்பானவர்கள்.

ஏழாவது வரி உயிரோடு இருந்தது. மேலத்தெருவில், இரண்டு மாடுகளோடும் மூட்டுவலியோடும். மலாயாவின் கரையைக்கூடத் தான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கம் முழுவதும் கோபம். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஆடிக்கு ஆடி எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறீர்கள், எனக்கு ஏன் ஆடி பிறந்தாலே கால் வீங்குகிறது என்று இப்போதுதான் புரிகிறது, என் பெயரை உடனே அழியுங்கள், சங்கத்தின் செலவில் ஐயனாருக்கு ஒரு பரிகாரம் செய்யுங்கள். அட்டையில் தன் பெயர் எப்படி வந்தது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மூட்டுவலிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர் அதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை என்றால், அவருக்குத் தெரியும் என்று பொருள்.

அம்மாள் பாதி உண்மை சொன்னது நிரூபணமாயிற்று. மீதிப் பாதிக்காக சயாமிலிருந்து திரும்பி வந்தவரைத் தேடிப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களில் திரும்பியவர் அவர் ஒருவர்தான். ஆற்றோரம் அரிசிக் கிட்டங்கி ஒன்றில் இரவுக் காவல். பகலில் கிட்டங்கி வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவரிடம் யாரும் இதற்கு முன் கையெழுத்துக் கேட்டதில்லை.

ஏழாவது வரிக்காரர் செத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததாகச் சொன்னார். பேதி கண்டது, மழை நாள், தூக்கிப் போக நாலு பேர் கிடைக்கவில்லை, இரண்டு பேர்தான் தூக்கினோம். அந்தப் பெயர் அவருடையதுதானா என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்தார்.

"பேரு எனக்கென்ன தெரியும். அட்டையில இருந்ததுதான் கூப்பிடுவான். ஆனா ஒன்னு. காலையில பிரட்டுல பேர் கூப்பிட்டா எல்லாரும் உடனே 'ஏன்'னு குரல் குடுப்போம். அவன் மட்டும் கொஞ்சம் கழிச்சுத்தான் சொல்வான். அதுக்கே ஜப்பான்காரன்கிட்ட அடி வாங்குவான். காது மந்தம்னு நெனைச்சோம். ராத்திரி கிசுகிசுன்னு பேசினாக்கூட அவனுக்குக் கேக்கும்."

பிரட்டு என்பது தோட்டங்களில் விடியலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. சயாமிலும் அதே வழக்கம் தொடர்ந்திருக்கிறது. நான் எழுதிக்கொண்டு போயிருந்த வாக்குமூலத்தில் இதற்கு இடம் இல்லை. தாளின் ஓரத்தில் எழுதி, கீழே அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மாளின் மேல் இருந்த சந்தேகம் ஆற்றங்கரையிலிருந்து சிராங்கூன் ரோடு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஆனால் சந்தேகம் எனக்குத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. இடம் மாறும், அவ்வளவுதான். அது தலைவரிடம் போய் நின்றது.

காரணம் இருந்தது. பழைய நாளில் ஊரிலிருந்து ஆள் கூட்டி வரும் கங்காணி, ஒவ்வொரு ஆளுக்கும் கிராம முன்சீப்பின் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டார் சம்மதம் இருந்தால்தான் முன்சீப் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு நாகப்பட்டினத்தில் ஆட்களைத் தங்கவைக்கும் டிப்போ, அதன் பிறகு கப்பல். இதைப் பழைய கோப்புகளில் நானே படித்திருக்கிறேன். ஆக, முன்சீப் கையெழுத்து வாங்கிய ஒருவர் கடைசி நேரத்தில் பயந்து நின்றுவிட்டால், அவர் இடத்தில், அவர் பெயரில், வீட்டுக்குத் தெரியாமல் இன்னொருவன் கப்பல் ஏறலாம். கங்காணியின் கூட இருந்து பெயர் எழுதியவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். தலைவர் இளம் வயதில் அந்த வேலைதான் பார்த்தார். போருக்குப் பின் அம்மாளிடம் போய் அட்டையைப் பார்த்து எழுதி வந்தவரும் அவரேதான். அட்டையில் உள்ளது ஆளின் பெயர் அல்ல என்பதை அறிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர், அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

தலைவருக்குச் சைனாடவுனில், மாரியம்மன் கோவிலுக்குப் பின்புறம் ஒரு சாமான் கடை. நான் போனபோது கல்லாவில் இருந்தார். மேலத்தெருக்காரரின் கடிதத்தை நீட்டினேன். மூட்டுவலிப் பக்கத்தைப் படித்துச் சிரித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த வரியை அழிச்சுட்டுப் பத்துப் பேரோட கல்லை அனுப்பிடுங்க தம்பி."

பதினோராவது ஆள் செத்திருக்கிறாரே என்றேன்.

"செத்தவனுக்குப் பேரு என்னத்துக்கு?"

அவர் மனைவிக்கு வேண்டுமாம் என்றேன். விசாரணைக் கமிட்டி ஒன்று அமைத்து, அந்தக் காலத்தில் யார் யார் பெயரில் யார் யார் வந்தார்கள் என்பதை ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்றும் சொன்னேன். அது நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். தலைவர் கடைப்பையனை வெளியே ஏதோ வாங்கி வர அனுப்பினார்.

"இந்தக் கமிட்டியில எத்தன பேரு சொந்தப் பேருல கப்பல் ஏறுனாங்கன்னு நெனைக்கிறீங்க? இப்பத்தான் வரிசையில நின்னு குடியுரிமைப் பேப்பரு வாங்கியிருக்கான் ஒவ்வொருத்தனும். நீங்க கவர்மெண்டு ஆளு. விசாரணைன்னு ஒரு காகிதம் போட்டீங்கன்னா அது எங்கெல்லாம் போகும்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம்." பிறகு, பருப்பு நிறுக்கும் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னை விடுங்க. உங்கப்பாவக் கேளுங்க."

கடையின் பெயர்ப்பலகையில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வெளியே வந்து அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். வாங்குகிறவர்கள் யாரும் அதைச் சந்தேகித்ததாகத் தெரியவில்லை.

அன்று இரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். கேள்வியை நன்றாகத்தான் அமைத்திருந்தேன், மழுப்ப இடம் இல்லாமல்: நீங்கள் எந்தப் பெயரில் கப்பல் ஏறினீர்கள்? அப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். முழுவதும் எடுத்து முடித்தார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை இருந்த இடத்திலேயே எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இன்னிக்கு மீன் நல்லாருக்கு" என்றார் அப்பா. "நீயும் உக்காரு."

உட்கார்ந்தேன். என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில், உத்தியோக நியமனத்தில், பின்னாளில் ஓய்வூதியப் புத்தகத்தில் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அது யாருடைய எழுத்து என்று நான் இன்றுவரை உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்பா அதன் பின் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். நான் மறுபடி கேட்கவில்லை. பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் அனுப்பலாம், ஆனால் சில பதில்கள் முதல் தடவையே வந்துவிடுகின்றன.

விசாரணைக் கமிட்டி யோசனையைக் கைவிட்டேன். அதற்குப் பதில் பதினான்காவது விதியை நிதானமாக மறுபடி படித்தேன். கண்ட ஒருவர், இரத்த உறவினர் ஒருவர். பெயர் ஏன் மாறியது என்று கேட்கும்படி அதில் எங்கும் சொல்லவில்லை. கண்டவரின் கையெழுத்து என்னிடம் இருந்தது. இரத்த உறவு என்றால் மகள் இருக்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். மகளுக்குத் தகப்பனைப் பார்த்த நினைவில்லை, அவளுக்குத் தெரிந்த பெயர் செவிவழிப் பெயர், கமிட்டி ஏற்காது. ஊரில் அவருக்கு ஓர் அண்ணன் இருப்பதாக அம்மாள் சொன்னார். மலாயாவுக்குப் போகிறேன் என்று கேட்டதற்குக் களத்துமேட்டில் போட்டு அடித்த அண்ணன். அந்த இரவே தம்பி கிளம்பிவிட்டார். முன்சீப் கையெழுத்துக்கு அண்ணன் சம்மதம் கிடைத்திருக்காது, அதனால்தான் மேலத்தெருக்காரரின் இடம். அம்மாள் ஏற்கனவே இரண்டு முறை யாரையோ வைத்து அந்த அண்ணனுக்கு எழுதியிருக்கிறார். பதில் இல்லை.

நான் எழுதிய கடிதத்தில் அட்டையும் இல்லை, கப்பலும் இல்லை. உங்கள் தம்பி என்று அறியப்படும் இன்னார் சயாமில் காலமானார், அவருடைய பெயர் இதுதான் என்று உறுதிசெய்து கையொப்பமிட்டு அனுப்பவும். அவ்வளவுதான். கல் வேலையும் தொடங்கியது. லவெண்டர் ஸ்திரீட் பக்கம் கல்லறைக் கல் செதுக்கும் ஒரு சீனரிடம் கொடுத்திருந்தோம். தமிழ் எழுத்து அவருக்குப் படம். நான் எழுதிக் கொடுத்ததைப் புள்ளி பிசகாமல் வெட்டினார். ஏழாவது வரியை மட்டும் வெறுமையாக விடச் சொன்னேன். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உளியை நிமிர்த்தி "பெலும்?" என்பார். இன்னும் இல்லையா என்று மலாயில். பெலும் என்பேன்.

அந்த ஆடியில் ஐயர் பழைய காகிதத்தையே வாசித்தார், தீபாவளி போயிற்று, அடுத்த தையும் வந்தது. இரண்டு நினைவூட்டல்கள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் அட்டைகள் கைநாட்டோடு ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஆக, ஆள் இருக்கிறார், கடிதம் போய்ச் சேருகிறது, பதில் மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். இதற்கு நான் கண்ட விளக்கம் ஒன்றுதான்: நிலம். தம்பி செத்தார் என்று ஒப்புக்கொண்டால் தம்பிக்கு ஒரு மனைவி, ஒரு மகள். மனைவி மகள் என்றால் பங்கு. ஓடிப்போனவனுக்குப் பங்கு இல்லை. என்னுடைய விளக்கத்தை அம்மாளிடம் சொன்னேன். அம்மியிலிருந்து கையெடுக்காமல் கேட்டார்.

"எங்களுக்கு நெலம் வேணாம்னு எழுதிடுங்க. பேரு மட்டும் ஒத்துக்கிட்டா போதும்."

அப்படி எழுதுவது அவசரம், சட்டப்படி மகளின் உரிமையை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது என்று விளக்கினேன். மகள் குறுக்கிட்டாள்.

"நான் அங்க போய் நாத்து நடப் போறேனா அண்ணே? எழுதுங்க லா. நானும் சைன் பண்றேன்."

ஒருத்தியின் கையெழுத்தும் ஒருத்தியின் கைநாட்டுமாக அந்தக் கடிதம் 1961 வைகாசியில் போயிற்று. அதற்கும் ஒப்புதல் அட்டை மட்டும் வந்தது.

ஆனி மாதக் கூட்டத்தில் தலைவர் பொறுமை இழந்தார். ஆடியில் உறுப்பினர் ஒருவர் குடும்பத்தோடு நாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் போகிறார், கல்லை அவரோடு அனுப்பிவிட வேண்டும், ஏழாவது வரியில் ஒரு பூ வேலைப்பாடு செதுக்கி மூடிவிடலாம் என்றார். ஓட்டெடுப்பில் எனக்கு என் கை மட்டும்தான் உயர்ந்தது. அப்பாவும் கமிட்டியில் இருந்தார். அவர் கையைத் தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. தும்மினார்.

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் சங்கத்தின் பெயரில் எந்தப் பொருளைக் கப்பலில் அனுப்பினாலும் செயலாளர் கையெழுத்து வேண்டும் என்பது இன்னொரு விதி. கப்பல் கம்பெனிக் காகிதத்தில் மூன்று ஆட்சேபங்கள் கண்டுபிடித்தேன். அவற்றில் ஒன்று உண்மையானது. திருத்தி வந்த காகிதத்தில் எடையைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். எடை சரியாக இருந்தது. கல்லின் வகை குறிப்பிடப்படவில்லை என்றேன். கப்பல் புறப்பட்டுவிட்டது. தலைவர் அதன் பிறகு என்னை 'தம்பி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், 'செயலாளர் அவர்களே' என்றார்.

அந்த ஆண்டு ஆடி அமாவாசை வெள்ளிக்கிழமை. ஐயரிடம் கொடுக்கும் காகிதத்தில் மேலத்தெருக்காரரை எடுத்துவிட்டேன், இனி அவர் கால் வீங்கினால் நாங்கள் பொறுப்பல்ல. பத்துப் பெயர்கள். உறுதியாகாத பெயரைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. ஐயர் ஒரு வழி சொன்னார்: நாதியற்றவர்களுக்கு, பெயர் தெரியாமல் போனவர்களுக்கு என்று பொதுவாக ஒரு கை தண்ணீர் உண்டு, அதில் அவரையும் நினைத்துக்கொள்ளலாம். அம்மாளிடம் போய்க் கேட்டேன். கடற்கரையில் எல்லாரும் இறங்கி நிற்க, அவர் மட்டும் தென்னை மரத்தடியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு நாதி இருக்கு" என்றார். "வேணாம்."

தண்ணீர் இறைத்து முடிந்ததும் மகளோடு பஸ் ஏறிப் போய்விட்டார். எல்லாக் காகிதங்களையும் ஒழுங்காக வைத்திருந்த நான், போன வருடம் வரை தவறான பெயரிலாவது ஒரு கை தண்ணீர் வாங்கிய மனிதருக்கு இந்த வருடம் அதுவும் இல்லாமல் செய்திருந்தேன்.

அண்ணனின் பதில் அதன் பிறகுதான் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் சீரான கையெழுத்து, அடியில் கைநாட்டு, முன்சீப்பின் சாட்சிக் கையெழுத்து. முன்சீப்பைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. கேட்காமலே முறைப்படி வந்த காகிதத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. முதலில் தம்பியின் பெயர். மகள் சொன்ன அதே பெயர், தகப்பன் பெயரோடு, தனி வரியில். பிறகு நிலம் பற்றி இரண்டு வரி: நிலம் என்று எதுவும் இல்லை, அது கடனுக்குப் போய் நெடுங்காலம் ஆகிறது, அந்தப் பெண்பிள்ளைகள் அப்படி எழுதியிருக்க வேண்டாம், படித்துக் காட்டியபோது கேட்க வெட்கமாக இருந்தது.

அதற்குக் கீழே எழுதியிருந்ததை நான் சங்க நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே எடுத்தெழுதினேன், மனப்பாடமாகவே இருக்கிறது:

"அவனை அடித்தவன் நான். நான் பதில் போடாத வரையில் அவன் எங்கோ இருக்கிறான் என்று இருந்தேன். இப்போது ஒப்புக்கொள்கிறேன், அவன்தான் என் தம்பி, கல்லில் அவன் பேரையே வெட்டுங்கள். ஆனால் இந்தக் கடிதம் ஆடி அமாவாசை கழித்து உங்கள் கைக்கு வருகிற மாதிரி நாள் பார்த்துத் தபாலில் சேர்க்கிறேன். முந்தியே வந்தால் இந்த வருஷமே அவனுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்துவிடுவீர்கள். இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும்."

சந்தைக்குப் போய் அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். பெயர் வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கடிதம் என்றைக்கு வந்தது என்று சரியாகச் சொல்லும்படி கேட்டார். செத்த நாள் தெரியாவிட்டால் ஊரில் சேதி கைக்கு வந்த நாளைத்தான் திதி நாளாக வைத்துக்கொள்வார்கள், தானும் அதையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். உறையின் பின்புறம் பெறப்பட்ட தேதியை வழக்கம்போல் நான் எழுதி வைத்திருந்தேன்: 14 ஆகஸ்டு 1961, திங்கட்கிழமை.